நீ தப்பாக அடித்த எண்

நைனா, நேற்று சாயங்காலம் நீ கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு போனைக் குத்திக்கொண்டிருந்தாய். ஒன்று உன்னுடையது. இன்னொன்று பவித்ராவுடையது. கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் இலங்கைக்குப் போய், கண்டி, நுவரெலியா எல்லாம் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். "அக்காவுக்கு நடந்ததுக்கு அந்த ஊரு இன்னாமா பண்ணும்?" என்று நீ கேட்டபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நாள் சுற்றிப் பார்க்கப் போகிற நம்மவர்களுக்கு அங்கே விசாக் கட்டணம் கிடையாது. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஆன்லைனில் விவரம் எழுதி, மின்னணு அனுமதி வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். அது இந்த வீட்டில் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். நீ பவித்ராவின் பாஸ்போர்ட் எண்ணை அடித்தாய், அழித்தாய், மறுபடி அடித்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நான் போனைப் பாத்துப் படிக்கிறேன், நீ புக்கைப் பாத்துக்கினே வா" என்றாய். படித்தாய். சரியாக இருந்தது. "இன்னொரு தபா" என்றாய். அதுவும் சரியாக இருந்தது. அப்போதும் உனக்கு அனுப்ப மனசு வரவில்லை. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, உன் மேலுதடு மட்டும் வியர்த்திருந்தது. உன் அக்கா ரேவதி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீ சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாய். அவள் உள்ளே போய்விட்டாள்.

உன் அக்கா திரும்பி வந்த நாளிலிருந்து நீ அவள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அவள் வைக்கிற சாப்பாட்டைக் குனிந்தபடியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்காமல் இத்தனை மாதம் ஓட்டிவிட்டோம். இன்னும் சில வாரத்தில் உனக்குக் கல்யாணம். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை. நேரில் பேச உட்கார்ந்தால் என் சத்தம் பெரிதாகும், நீ வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் பக்கம் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று நின்று பழகிய கை இது, பேனா பிடித்துப் பழகவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் படி.

போன வருஷம் அந்த போன் வந்தபோது எனக்குச் சாப்பாட்டு இடைவேளை. தெரியாத வெளிநாட்டு எண். எடுத்தால் ரேவதி. "அம்மா, கீழ் ஊட்டு அம்மா போன்லேருந்து பேசறேன். என் போனை ஒடச்சிட்டான். நேத்து கழுத்தைப் புடிச்சி நெரிச்சான்மா. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி. இன்னொரு தபா புடிச்சான்னா நான் இருக்க மாட்டேன். வந்து கூட்டிக்கினு போயிடு." அதற்கு முன்பெல்லாம் மாடிப்படியில் விழுந்தேன், கதவில் இடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பூந்தமல்லிப் பையன், படித்தவன், இலங்கையில் நீர்கொழும்புப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் மேனேஜர், நம் வீட்டுக்கு வந்தால் என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவன். அவன் பெயரை நான் இந்தக் காகிதத்தில் எழுதப் போவதில்லை. ரேவதிக்குக் குழந்தை பிறந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசையாக எடுத்து வைத்த பாஸ்போர்ட்டை அன்றைக்குத்தான் பீரோவிலிருந்து எடுத்தேன். நீதான் அந்த அனுமதிக்கு எழுதிக் கொடுத்தாய். எழுதும்போது, "புருஷன் பொண்டாட்டி சண்டைமா, நீ போயி பெருசாக்கிடாதே" என்றாய். ஒரு காதில் பவித்ரா வேறு போனில் இருந்தாள். அனுமதி உடனே வந்தது. நானும் நீயும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. வந்துவிட்டது என்ற சந்தோஷம்தான்.

நாங்கள் போட்ட திட்டம் சின்னது. அவன் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவான். ரேவதியின் பாஸ்போர்ட்டை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவன் அவன். பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்தால், இரண்டு பேருமாக நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போய் நின்றுவிடலாம். அவள் ஒரு பையில் துணியை வைத்துக்கொண்டு கீழே கேட் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். மீனம்பாக்கத்தில் டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் என் காகிதத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம், இதுல இருக்கிற நம்பர் வேற, பாஸ்போர்ட் நம்பர் வேற. எட்டு இருக்க வேண்டிய இடத்துல மூணு இருக்கு. இதை வச்சு நான் உங்களை ஏத்த முடியாது" என்றாள். கெஞ்சினேன். அவள் நல்ல பெண்தான், அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவரும் அதையேதான் சொன்னார். உனக்குப் போன் செய்தேன். நீ வேலையைப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாய். அந்த விமானம் போய்விட்டது. புது அனுமதி அடுத்த நாள் காலையில்தான் வந்தது. இவ்வளவும் உனக்குத் தெரியும். இதற்குப் பிறகு நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும்.

கீழ் வீட்டு அம்மாவின் போனுக்கு விடாமல் அடித்தேன். அந்த அம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், யாரும் எடுக்கவில்லை. ரேவதி பையோடு கேட்டில் நின்றுகொண்டே இருந்தாள். ஒவ்வொரு ஆட்டோ வரும்போதும் நான்தான் என்று ஓடிப் பார்த்தாளாம். நான் வரவில்லை. அவன் வந்தான். ரோட்டில் ஆட்கள் இருந்ததால் சிரித்துக்கொண்டே, "ஏன் வெயில்ல நிக்கறே?" என்று பையை அவனே வாங்கித் தூக்கிக்கொண்டு மாடியேறினான். கதவைத் தாழ் போட்டான். பையைத் திறந்து ஒவ்வொரு துணியாக எடுத்து மடிப்புக் கலையாமல் கட்டிலில் வைத்தான். அப்புறம் அவளுடைய வலது கையைக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்து, முழங்கைக்குக் கீழே தன் முட்டியை ஊன்றி ஏறினான். எலும்பு போன சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. "இப்ப பையைத் தூக்கு பாக்கலாம்" என்றானாம். கத்தக் கூடாது என்று வாயில் அவள் துப்பட்டாவையே திணித்தான். அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. சமைக்கச் சொன்னான். இடது கையால் சமைத்தாள்.

நைனா, இதைத்தானே நீ மனசில் வைத்துப் புழுங்குகிறாய்? நான் அன்றைக்கே போயிருந்தால் அந்தக் கை உடைந்திருக்காது என்று. போயிருந்தால் உடைந்திருக்காது, உண்மைதான். ஆனால் எண்ணைத் தப்பாக அடித்தது நீ. எலும்பை உடைத்தது அவன். இந்த இரண்டையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை, ரேவதியும் பார்த்ததில்லை. அவசரத்தில் எவன் வேண்டுமானாலும் எட்டை மூன்றென்று அடிப்பான். மனுஷியின் கையைக் கட்டில் சட்டத்தில் வைத்து முட்டியை ஊன்றி ஏற அவசரம் போதாது. அதற்கு வேறு என்னவோ வேண்டும். அந்த எண்ணை இன்றோடு நீ மறந்துவிடு. இது நான் உனக்குக் கொடுக்கிற மன்னிப்பு இல்லை. மன்னிக்க அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் நான் போய் இறங்கினேன். அங்கே விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மகளைப் பார்க்க என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே அந்தோனி என்று ஒரு ஆட்டோக்காரர், தமிழ் பேசுகிறவர், கிடைத்தார். வழியெல்லாம் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "என்னம்மா, ஏதும் பிரச்சினையோ?" என்றார். சொன்னேன். அவர் வேகத்தைக் கூட்டினார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நீங்கள் மேல போங்கோ. நான் இஞ்சதான் நிக்கிறன்" என்றார். அந்த மனுஷன் அன்றைக்குக் கிளம்பிப் போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கதவைத் திறந்தது அவன்தான். லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். "வாங்க அத்தை, வாங்க. சொல்லியிருந்தா ஏர்போர்ட்டுக்கு வந்திருப்பேனே. டீ போடச் சொல்லட்டா?" என்றான். ரேவதி சுவரோரமாக நின்றிருந்தாள். துப்பட்டா கைமேல் போர்த்தியிருந்தது. நான் போய் அதை விலக்கினேன். கை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, நடுவில் வளைந்திருந்தது. ஒரு கரண்டியை வைத்து அவளே துணியால் சுற்றியிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. "மாப்பிள்ளை, அவளோட பாஸ்போர்ட்டைக் குடுங்க. நான் கூட்டிக்கினு போறேன்" என்றேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். "அத்தை, நீங்க எப்படி வந்திருக்கீங்க? டூரிஸ்ட்டா. நாலு இடம் பாருங்க, கோயிலுக்குப் போங்க, கிளம்புங்க. உங்களுக்கு முப்பது நாள்தான் குடுத்திருப்பான். எனக்கு இங்க எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கு. நீங்க போனப்புறம் இவ எங்கூடத்தானே இருக்கணும்?" குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிக்கொண்டே எழுந்து போய் ரேவதியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, "அத்தைக்கு டீ போடு" என்று சமையற்கட்டுப் பக்கம் தள்ளினான். அவள் உடைந்த கையின் மேலேயே போய் விழுந்தாள். அவள் போட்ட அலறலை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அடுப்பு மேடையில் குக்கர் இருந்தது. அதன் பிடியைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அவன் காதோடு சேர்த்து அடித்தேன். அவன் திரும்பி என் முகத்தில் முஷ்டியால் குத்தினான். நிலைக்கதவில் போய் மோதினேன், வாயில் ரத்தமும் பல்லும் சேர்ந்து வந்தது. விமான நிலையத்துக் கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேனே, அந்தப் பல்தான். அதற்குள் சத்தம் கேட்டு அந்தோனி ஓடி வந்துவிட்டார், பின்னாலேயே கீழ் வீட்டு அம்மா. அந்தோனி அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். சண்டை அங்கே முடிந்துவிட்டது, நைனா. அவனால் இனி ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகும் நான் அவனை அடித்தேன். கீழே கிடந்தவனை, கை கால் அசைக்க முடியாதவனை, குக்கரால் தோளில், முதுகில், விலாவில் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. காதில் விழுந்த முதல் அடி பயத்தில் அடித்தது. இரண்டாவது கோபத்தில். அதற்கு மேல் அடித்ததெல்லாம் நன்றாக இருந்ததால் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அவன் முனகினான், அந்த முனகல் என் காதுக்கு இனித்தது. என் கைக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "அம்மா, போதும். உட்டுடு. செத்துடுவான்" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தது உன் அக்காதான். ஒரு கையால்.

அந்தச் சில அடிகளுக்கு நாங்கள் கொடுத்த விலை உனக்குத் தெரிய வேண்டும். போலீஸ் வந்தது. கீழ் வீட்டு அம்மா தனக்குத் தெரிந்த தமிழில், "மகள் எல்லா நாளும் அழுறது, நான் கேக்குறது" என்று அழுதுகொண்டே சொன்னார். ரேவதிக்குக் கையில் கட்டுப் போட்டார்கள், எனக்கு உதட்டில் தையல். அவனுக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல் விட்டிருந்தது, காது கேட்கவில்லை என்றான். அவன் உடனே என் மேல் புகார் எழுதிக் கொடுத்தான். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் என்னைத் தனியாக உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, உங்கட மகளுக்கு நடந்தது பெரிய அநியாயம். அதில சந்தேகமில்ல. ஆனா நீங்கள் சுற்றிப் பார்க்க வந்த ஆள். இந்த நாட்டில வேலை செய்யிற ஒருத்தரை அடிச்சிருக்கிறீங்க, அதுவும் கீழ விழுந்தாப் பிறகு. ரெண்டு பக்கமும் வழக்குப் போட்டா நீங்களும் கோட்டுக்கு அலைய வேண்டி வரும். உங்கட அனுமதி முடிஞ்சாலும் ஊருக்குப் போக ஏலாது" என்றார். அவன் ஆள் அனுப்பிப் பேசினான். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுகிறான், நாங்கள் புகாரை விட்டுவிட வேண்டும், அவனும் விட்டுவிடுவான். ரேவதி என் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். உள்ளே போக வேண்டியவன் அவன். நான் அந்த முதல் அடியோடு நிறுத்தியிருந்தால் போயிருப்பான். நான் ஆசை தீர அடித்ததால் அவன் தப்பித்தான். இங்கே வந்து அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும், விவாகரத்து வழக்கும் இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. அவன் அங்கே அதே வேலையில் இருக்கிறான். ரேவதிக்கு வலது கையால் இன்னும் குடத்தைத் தூக்க முடியவில்லை.

இதையெல்லாம் உன் கல்யாண நேரத்தில் ஏன் சொல்கிறேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். பத்து நாள் முன்னால் நான் மஞ்சள், குங்குமம், தாம்பூலப் பை வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்களே, அந்த ஓரத்தில் உன் வண்டி நின்றிருந்தது. கூப்பிடலாம் என்று ரோட்டைக் கடக்க நின்றேன். பவித்ரா போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நீ என்னவோ கேட்டாய். அவள் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினாள். நீ போனைப் பிடுங்கித் தகரத்தில் வீசி அடித்தாய். அவள் எடுக்கக் குனிந்தாள். நீ அவள் மேல்கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, விரல் சதைக்குள் போகிற மாதிரி அழுத்தி, உலுக்கினாய். அவள் தலை முன்னும் பின்னும் போய் வந்தது. சாப்பாட்டுப் பை கீழே விழுந்து சோறு கொட்டியது. சுற்றி அத்தனை ஜனம், ஒருவரும் நிற்கவில்லை. பிறகு நீ விட்டாய். அவள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? கன்னத்தைத் துடைக்கவில்லை, போனை எடுக்கவில்லை. துப்பட்டாவை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

நான் உன்னிடம் ஓடி வரவில்லை. வந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன், நீர்கொழும்பில் அடித்தேனே அதே மாதிரி. பஸ் ஏறி மேனாம்பேட்டில் நம் வீட்டுக்கு வந்து, வாங்கின மஞ்சளைக்கூடப் பையிலிருந்து எடுக்காமல் படுத்துவிட்டேன். உங்க அப்பா இருந்த வரைக்கும் என் மேல் ஒரு நாள் கை வைத்தவரில்லை. சண்டை வரும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், அவ்வளவுதான். அதனால் இது ரத்தத்தில் வந்தது என்று சொல்லி நானும் தப்பிக்க முடியாது, நீயும் தப்பிக்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்கவும் எனக்கு நேரமில்லை. ஒன்று மட்டும் தெரியும். நீ அவளை உலுக்கியபோது உன் முகத்தைப் பார்த்தேன். கோபம் முடிந்த பிறகும் நீ உடனே விடவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நன்றாகத் தெரிந்த நேரம். குக்கரைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றிருந்தேன். ஒருத்தி உன் பிடிக்குள் ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிறாள், நீ நினைத்தால் விடலாம், நினைத்தால் விடாமலும் இருக்கலாம். அந்த ருசி கைக்குப் பழகிவிட்டால் பிறகு கை தானாகத் தேடும். என்னை இழுத்துப் பிடிக்க ரேவதி இருந்தாள். பூட்டின கதவுக்குள் உன்னை யார் இழுத்துப் பிடிப்பார்கள்?

முந்தாநாள் சேக்காட்டில் பவித்ராவின் வீட்டுக்குப் போய் அவளைப் பார்த்தேன். அவள் வேலை செய்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்த நேரம். அவள் அம்மாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, "கையைக் காட்டு" என்றேன். "ஒண்ணுமில்லீங்க அத்தை" என்றாள். "நான் பூந்தமல்லியில எதிர்ல நின்னுக்கினு இருந்தேம்மா. எல்லாத்தையும் பாத்தேன்" என்றேன். அப்புறம்தான் காட்டினாள். நான்கு விரல் அடையாளம், மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது. "மொத தபாவா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஒரு தடவை ஆவடி ஸ்டேஷன் வாசலில் கன்னத்தில் அறைந்தாயாமே. "அவரு நல்லவருதான் அத்தை. அப்பாவுக்கு ஒடம்பு முடியாதப்போ எத்தினி தபா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனாரு. கோவம் வந்தாதான்... கல்யாணம் ஆனா சரியாயிடும்னு நெனச்சிக்கினேன்" என்றாள். "உன் நாத்தனாரும் அப்படித்தாம்மா நெனச்சா" என்று சொல்லிவிட்டு, உனக்கு இதுவரை எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். பல் உடைந்தது, நான் அடித்தது, ஒன்றும் விடவில்லை. அவள் அழவில்லை. "நான் இன்னா பண்ணட்டும் அத்தை?" என்றாள். "அதை நான் சொல்லக் கூடாது. நீ வேணாம்னு சொன்னா, உங்க ஊட்டுல பேச நான் வரேன். வேணும்னு சொன்னாலும் நான் உன் பக்கம்தான். அவன் என் புள்ளைன்றதால அது மாறாது" என்றேன்.

இன்று காலையில் நீ குளிக்கப் போனபோது உன் அலமாரியிலிருந்து அவள் பாஸ்போர்ட்டை எடுத்தேன். இந்நேரம் அது அவள் கையில் இருக்கும். உன் மேல் சந்தேகப்பட்டு எடுக்கவில்லை. அது அவளுடையது, அதனால் அவளிடம் இருக்க வேண்டும். நீ அனுமதிக்கு எழுத வேண்டுமானால் அவளைக் கேள், அவளே எழுதட்டும், அவளே சரி பார்க்கட்டும். போவதா வேண்டாமா என்பதையும் அவளே சொல்லட்டும்.

நீ கெட்டவன் இல்லை, நைனா. எனக்குக் காய்ச்சல் வந்தால் என் காலைப் பிடித்துவிடுகிறவன் நீ. அக்கா வந்த புதிதில் அவள் பிளாஸ்டர் கையோடு தூங்க முடியாமல் கிடந்தபோது, அவளுக்குத் தெரியாமல் வாசற்படியில் உட்கார்ந்து நீ அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் பவித்ராவின் கையில் இருக்கிற விரல் அடையாளமும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆளுடையது. கோபம் வந்தால் என்னிடம் சொல், டாக்டரிடம் போகலாம், யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், நான் கூட வருகிறேன். அது முடியாது, இனியும் அவள் மேல் கை வைப்பேன் என்றால், நான் உன்னை அடிக்க மாட்டேன். அடித்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு ரேவதிக்காகப் போய் நின்ற அதே காவல் நிலையத்தின் படியேறி, உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் சொல்லி, என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். அன்றைக்கு நான் அழுவேன், ஆனால் எழுதுவேன்.

பவித்ரா நேற்று எனக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை நான் உங்க ஊட்டுக்கு வரேன் அத்தை. ரேவதி அண்ணியும் கூட இருக்கட்டும். அவராண்ட நான் பேசணும். பேசிட்டு அப்புறம் கல்யாணம் வேணுமா வேணாமான்னு சொல்றேன்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தாள். ரேவதியைக் கேட்டேன், இருக்கிறேன் என்றாள். மண்டபத்துக்காரருக்கும் சொந்தக்காரர்களுக்கும் என்ன சொல்வது என்று நீ கவலைப்படாதே, அது என் பாடு. ஞாயிற்றுக்கிழமை நீ எங்கேயும் போகாதே. அவள் வந்தால் நீயே போய்க் கதவைத் திற. உன் அக்காவுக்கு எதிரே உட்கார், இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து உட்கார். அப்புறம் பவித்ரா பேசட்டும். அவள் என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் ஆனாலும், அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதே.